அடைக்கலக் கரை

பெருந்துயரிலிருந்து மீண்டவர்களில் சிலர், துயரத்துக்கு முன்பிருந்த வாழ்க்கைக்கு அப்படியே திரும்பிவிடாமல், பிறர் வலியைத் தம் வலியாக உணரும் வேறொரு நிலைக்கு வந்து சேர்கிறார்கள் என்பதைச் சமய மரபுகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. உளவியல் அதைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டதோ அண்மைக் காலத்தில்தான். போர், புயல், வன்முறை, உற்றவரின் திடீர் இழப்பு ஆகியவை மனத்தில் விட்டுச்செல்லும் நீடித்த காயத்தை யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் மனவடு என்ற பெயரால் எழுதினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு இந்நிலையைத் தனியொரு நோயாக ஏற்றது 1980இல்தான். 1996இல் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், காயம்பட்டவரிடம் நோயை மட்டுமன்றி வளர்ச்சியையும் அளக்க முடியும் என்று கூறி, 21 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். பிறரோடு உள்ள உறவு நெருக்கமாதல், புதிய வழிகள் தென்படுதல், தன் உள்வலிமையை உணர்தல், ஆன்மிக மாற்றம், உயிரோடிருப்பதன் அருமை தெரிதல் என்ற ஐந்து கூறுகளை அது கணக்கில் கொள்கிறது.

இக்கருத்து மேடைப் பேச்சுக்கும் தன்முன்னேற்ற நூல்களுக்கும் வந்து சேர்ந்தபோது, துன்பமே மனிதரைப் பக்குவப்படுத்துகிறது என்ற எளிய வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. மகனைக் கடலில் பறிகொடுத்த தாயிடம் அந்த வாக்கியத்தைச் சொல்வது கொடுமை. அது உண்மையும் அன்று. துயரம் தன்னளவில் யாரையும் கருணையாளராக்குவதில்லை. அது பலரை ஊமையாக்குகிறது, சிலரைக் கொடியவராகவும் ஆக்குகிறது. துயருற்றவருக்கு யாரேனும் அடைக்கலம் தந்தார்களா, இழந்தவரை நினைத்து அழ இடமும் காலமும் கிடைத்தனவா என்ற இரண்டு வினாக்களுக்கு விடை கண்ட பிறகே, அவரிடம் விழிப்பும் இரக்கமும் பிறந்தனவா என்று கேட்பதில் பொருள் இருக்கும். மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலும், மேற்கே ஏர்வாடி வரையிலும் நீளும் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை, இந்த வினாக்களைப் புராண காலந்தொட்டு எதிர்கொண்டுவரும் நிலம்.

வென்றவனின் கழுவாய்

ராமேஸ்வரம் கோயிலின் தலவரலாறு, போரில் வென்ற ஒருவன் தன் கையால் நேர்ந்த கொலையை எண்ணிக் கழுவாய் தேடியதில் தொடங்குகிறது. கந்தபுராணத்தின் வடமொழி மூலமான ஸ்காந்தத்தில் அடங்கிய சேது மகாத்மியமும் அதன்வழி வந்த தலபுராணங்களும், ராவணனைக் கொன்ற பழி நீங்க ராமன் இங்கே லிங்கம் அமைத்து வழிபட்டான் என்று கூறுகின்றன. கொல்லப்பட்டவன் கொடியவன், போர் அறத்தின் பொருட்டு நடந்தது, வெற்றி முழுமையானது. இத்தனைக்குப் பிறகும் வென்றவன் நிம்மதியாக ஊர் திரும்பவில்லை என்று புராணம் சொல்வது ஆழ்ந்து நோக்கத்தக்கது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பாஸ்டன் நகரில் சிகிச்சையளித்த உளமருத்துவர் ஜோனதன் ஷே, கிரேக்கக் காவிய வீரன் அக்கிலீஸின் கதையோடு அவர்கள் அனுபவத்தை ஒப்பிட்டு 1994இல் ஒரு நூல் எழுதினார். உயிரச்சத்தால் வரும் காயத்திலிருந்து வேறான ஒரு காயம் உண்டு என்பது அவர் வாதம். எது சரி என்ற நம்பிக்கை போர்க்களத்தில் முறிந்துபோவதால் வரும் அந்தக் காயத்தை, அறவழிக் காயம் என்று தமிழில் சொல்லலாம். ராமேஸ்வரத்தின் தலபுராணம் அத்தகைய காயத்தை மறைக்காமல் முன்வைத்து, அதற்கான சடங்கையும் வகுத்துத் தருகிறது.

கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் வரிசையாக நீராடும் யாத்திரிகர், ஒரு வகையில் அந்தக் கழுவாயைத் தாமும் செய்துபார்க்கிறார். தனுஷ்கோடி செல்லும் வழியில் உள்ள ஜடா தீர்த்தத்தில், போர்க்காலத்துச் சடைமுடியை ராமன் அலசினான் என்பது நம்பிக்கை. தங்கச்சிமடத்தை அடுத்த வில்லூன்றித் தீர்த்தத்தைப் பற்றிய கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. தாகத்தால் வருந்திய சீதைக்காக ராமன் தன் வில்லைக் கடலுக்குள் ஊன்ற, அங்கே நன்னீர் சுரந்தது என்கிறார்கள். உப்புக் கடலின் நடுவே இன்றும் அந்தக் கிணற்றில் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. கொலைக்கருவி தண்ணீர் தருவதாக மாறும் இக்கதையைக் கற்பித்த மனங்களுக்குப் போரின் பின்விளைவு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடலோரத்தில் நிற்கும் கோதண்டராமர் கோயில் மற்றொரு நிகழ்வைக் குறிக்கிறது. இலங்கையிலிருந்து தன் அண்ணனைப் பிரிந்து வந்த விபீஷணன் ராமனிடம் சரண் புகுந்த இடம் என்று அது போற்றப்படுகிறது. வந்தவன் பகைவனின் தம்பி, ஒற்றனாகவும் இருக்கலாம் என்று சுக்ரீவன் எச்சரித்தபோது, தன் இணையைக் கொன்ற வேடனுக்கே விருந்தளித்த புறாவின் கதையை ராமன் எடுத்துச் சொன்னதாக வான்மீகியின் யுத்த காண்டம் கூறுகிறது. அடைக்கலம் கேட்டு வந்தவரின் தகுதியை ஆராய்வதற்கு முன்பே அடைக்கலம் தருவது என்ற இந்நெறியை வைணவ ஆசிரியர்கள் சரணாகதித் தத்துவத்தின் மையமாகக் கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே கரையில் அந்நெறி எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் முதன்மையான செய்திகளுள் ஒன்று. அதற்கு முன் 1964ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உடல் கிடைக்காத சாவுகள்

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி என்ற துறைமுக நகரம் அழிந்தது. ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர் அது. இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த கப்பல் அங்கிருந்துதான் தலைமன்னாருக்குப் புறப்பட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலைகளில் மூழ்கியது. புயலில் மாண்டவர் மொத்தம் 1,800 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அந்நகரை அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாட்களில் சீரமைத்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்குச் சென்ற தண்டவாளம் அதன் பிறகு போடப்படவேயில்லை.

இப்படிப்பட்ட பேரழிவில் உயிர் பிழைத்தவர்களுக்கு நேரும் தனித்துவமான துன்பம், இறந்தவரின் உடல் கிடைக்காமற்போவது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று வகைப்படுத்தினார். இறந்துவிட்டாரா, எங்கேனும் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதியாகத் தெரியாததால், துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் உறைந்து நிற்கும் நிலை அது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் தொழிலுக்குச் சென்று திரும்பாத மீனவர்களின் வீடுகளுக்கு இந்நிலை புதிதன்று. காணாமற்போனவர் இறந்துவிட்டதாகக் கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. அந்த ஏழு ஆண்டுகளும் ஒரு மீனவப் பெண் மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. ஆவணங்களில் அவள் எந்த வரிசையிலும் அடங்காதவள்.

சடங்குகள் இந்த இடத்தில்தான் தம் பயனைக் காட்டுகின்றன. உடல் கிடைக்காதபோது தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து தகனம் செய்ய இந்துச் சாத்திரங்கள் இடம் தருகின்றன. கடற்கரை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபு, உடல் முன்னிலையில் இல்லாமலே இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையை நடத்த அனுமதிக்கிறது. தங்கச்சிமடம் போன்ற கத்தோலிக்க ஊர்களில் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில், நினைக்க ஆளில்லாத ஆன்மாக்களுக்காகவும் மன்றாட்டு நடக்கிறது. ராமேஸ்வரத்தின் அக்னி தீர்த்தக் கரையில் ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் பெருங்கூட்டம் செய்யும் தர்ப்பணத்திலும் இவ்விரிவு உண்டு. தன் குலத்து முன்னோருக்கு எள்ளும் நீரும் விட்ட பிறகு, காருண்ய பித்ருக்கள் என்ற வரிசையில் மாமன், அத்தை, ஆசிரியர், நண்பர் என்று பிறருக்கும் மகாளய நாட்களில் நீர் விடப்படுகிறது. தாயோ தந்தையோ சுற்றமோ இல்லாமல் இறந்தவர் அனைவருக்குமாக நீர் வார்ப்பதோடு தர்ப்பணம் முடிகிறது. தன் இழப்புக்காக அழ வந்தவர், எழுந்து செல்வதற்கு முன் முகமறியாத ஒருவருக்காகவும் கை நனைக்கிறார். துக்கத்திலிருந்து இரக்கத்துக்குச் செல்லும் வழியை உபதேசமாகச் சொல்லாமல் உடம்பின் பழக்கமாக அமைத்துவைத்த அறிவு அது. தனுஷ்கோடியில் அடையாளம் காணப்படாமல் போனவர்களுக்கும் அந்த நீரில் பங்குண்டு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூல், மனவடுவிலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாக விளக்குகிறது. முதலில் பாதுகாப்பு உறுதியாக வேண்டும். அடுத்து நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காக்க வேண்டும். அதன் பின்னரே வாழ்வோடும் மக்களோடும் மீண்டும் பிணைப்பு உண்டாகும். மீண்டவர்களில் சிலர் தம் அனுபவத்தையே பிறருக்கான பணியாக மாற்றிக்கொள்வதை அவர் மூன்றாம் கட்டத்தில் வைக்கிறார். பாதுகாப்பே முதலில் வர வேண்டும் என்பதுதான் அந்நூலின் அழுத்தமான செய்தி. தலைக்கு மேல் கூரையில்லாதவரிடம் மன்னிப்பைப் பற்றியும் தியானத்தைப் பற்றியும் பேசுவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு பேசினாலும், அவர் காயத்தை மூடிமறைக்கவே உதவும்.

மண்டபம் முகாம்

இலங்கையில் தமிழர் மீது நடந்த 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு அந்நாட்டுத் தமிழர்கள் படகுகளில் இக்கரைக்கு வரத் தொடங்கினார்கள். 1987க்குள் வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,34,000 பேர். 1990இலும், 1996ஐ ஒட்டிய ஆண்டுகளிலும், 2006க்குப் பிறகும் அடுத்தடுத்த அலைகளாக அகதிகள் வந்தார்கள். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் மாதத்திலிருந்து மீண்டும் சிறு சிறு குடும்பங்களாக வந்தார்கள். அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் படகோட்டிகள் இறக்கிவிட்டுப் போக, குழந்தைகளோடு மணிக்கணக்கில் காத்திருந்து மீட்கப்பட்டவர்கள் அவர்களுள் உண்டு. விபீஷணன் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் கோயில் அங்கிருந்து கூப்பிடு தொலைவில் இல்லாவிட்டாலும், அதே மணல் நீட்சியில்தான் நிற்கிறது.

வந்தவர்கள் முதலில் பதிவு செய்யப்பட்ட மண்டபம் முகாம், ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம். அக்கரைக்குப் பிழைக்கப் போனவர்கள் கடந்த வாசல் வழியாகவே, அவர்கள் வழித்தோன்றல்களில் பலர் உயிர் பிழைக்கத் திரும்பி வந்தார்கள். கூரையும் மாதாந்திர உதவித்தொகையும் அரசு தந்தது. உள்ளூர் மக்கள் உணவும் துணியும் தந்தார்கள். ஆயினும் அடைக்கலம் முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று சொல்வது நேர்மையாகாது. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்கள் மீது ஐயமும் கண்காணிப்பும் படர்ந்தன. பத்துக்குப் பத்து அறைகளில் இரண்டு தலைமுறைகள் வளர்ந்தன. இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் குடியுரிமை கிட்டவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்ததும், முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும் வரவேற்கத்தக்க தொடக்கங்கள். ஆனால் நாளை எங்கே வாழ்வோம் என்று தெரியாத மனத்துக்கு ஹெர்மன் கூறும் முதற்கட்டமே இன்னும் நிறைவேறவில்லை.

இத்தகைய குறைபட்ட அடைக்கலத்திலும் சிலர் பிறருக்கு உதவுபவர்களாக எழுந்தார்கள் என்பது வியப்புக்குரியது. அது எப்படி நிகழ்ந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஒஃபர் என்ற அமைப்பு, அகதிகளின் நலனை அகதிகளைக் கொண்டே கவனிப்பது என்ற முடிவோடு இயங்கியது. முகாம்களிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து ஆசிரியர்களாக, நலவாழ்வுப் பணியாளர்களாக, உளவள ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தது. பிள்ளைகளின் பிறப்பைப் பதிவு செய்வதில் விடாப்பிடியாக உழைத்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, இவ்வாறு பயிற்சி பெற்ற அகதிகள் இந்தியக் கரையோர மக்களுக்கு உதவச் சென்றார்கள். உதவி பெறுபவர் என்று மட்டுமே பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தவர்கள், வீடிழந்த இன்னொருவரின் அருகில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்பவர்களானார்கள். வீட்டை இழப்பது எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உளவியலாளர் எர்வின் ஸ்டவ்ப் இந்நிகழ்வுக்குத் துன்பத்தில் பிறக்கும் பிறர்நலம் என்று பெயரிட்டவர். அவரே நாஜிகளின் காலத்தில் ஹங்கேரியில் சிறுவனாயிருந்து, சுவீடன் நாட்டுத் தூதரக அலுவலர் ரவூல் வாலன்பெர்க் வழங்கிய பாதுகாப்புக் கடிதங்களாலும் வீட்டுப் பணிப்பெண் ஒருவரின் துணிவாலும் உயிர் தப்பியவர். துன்பப்பட்டவர்களில் யார் பிறருக்கு உதவ முன்வருகிறார்கள் என்று ஆராய்ந்த அவர், துன்பத்தின்போது யாரேனும் தமக்கு உதவியிருப்பது, காயம் ஆற வாய்ப்புக் கிடைத்திருப்பது, தாமும் பிறருக்காக ஏதேனும் செய்ய முடிந்திருப்பது ஆகியவற்றைக் காரணங்களாக எண்ணுகிறார். கருணை என்பது ஒருவரிடமிருந்து பெற்று இன்னொருவருக்குத் தருவது என்று இதற்குப் பொருள். தனிமனிதரின் குகைத் தவத்தில் மட்டுமே விழிப்பைத் தேடுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

கடலின் அக்கரையில் தயா சோமசுந்தரமும் அவருடன் உழைத்தவர்களும் கண்டதும் இதற்கு அருகில் வருகிறது. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க உளமருத்துவர்களே இருந்த நிலையில், ஆசிரியர்களையும் கிராம அளவிலான பணியாளர்களையும் பயிற்றுவிக்க, சா. சிவயோகனோடு சேர்ந்து தமிழ்ச் சமூகத்தின் உளநலம் குறித்த கையேட்டை அவர் 2000இல் உருவாக்கினார். அச்சத்தால் உறக்கமிழந்தவர்களுக்கு, அவரவர் சமயத்துக்கு ஏற்ற பழகிய முறைகளையே தளர்வுப் பயிற்சியாகப் பரிந்துரைத்தார்: இந்துவுக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்குத் திக்ரு. மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் மட்டக்களப்புப் பகுதியில் ஆராய்ந்து எழுதியது வேறொரு வழி. காணாமலாக்கப்பட்டவர்களைப் பற்றி வெளியில் பேசவே அஞ்சிய நாட்களில், அம்மன் கோயில்களில் தெய்வமேறி வாக்குச் சொன்ன பெண்கள் அந்த அன்னையரின் வேதனையைத் தம் உடலில் ஏற்றுப் பலர் அறியச் சொன்னார்கள். பேச முடியாத துயரத்துக்கு வாய் கிடைத்தது அங்கேதான்.

ஏர்வாடி

ஆன்மிகம் குணப்படுத்தும் என்று பேசுகிற எவரும் ஏர்வாடியைக் கடந்து போக முடியாது. கீழக்கரையை அடுத்த ஏர்வாடியில், மதீனாவிலிருந்து வந்தவராகப் போற்றப்படும் சுல்தான் சையது இப்ராஹீம் ஷஹீத் பாதுஷாவின் தர்கா இருக்கிறது. மனநோயுற்றவர்களை எல்லாச் சமயத்தாரும் அங்கே கொண்டுவந்து தங்கவைப்பதும், தர்கா விளக்கின் எண்ணெயையும் தீர்த்தத்தையும் மருந்தாகத் தருவதும், கனவில் உத்தரவு வந்தால் குணமாகிவிட்டதாகக் கொண்டு ஊர் திரும்புவதும் தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். ஊராரும் உறவினரும் கைவிட்டவருக்கு அங்கே ஓரிடம் கிடைத்தது என்பது மறுக்க முடியாத உண்மை. அதை ஒட்டியே, நோயாளிகளைப் பணத்துக்குத் தங்கவைக்கும் தனியார் காப்பகங்கள் தர்காவைச் சுற்றிப் பெருகின. நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்துவைப்பது அங்கே இயல்பாகிப் போனது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களும் ஒருவகையில் அடைக்கலம் தேடி வந்தவர்கள். அடைக்கலம் என்ற பெயரில் அவர்களுக்குக் கிடைத்தது விலங்கு. சில நாட்களில் அப்பகுதியின் காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, நாடெங்கும் மனநோயாளிகளின் நிலையைப் பற்றி மாநிலங்களிடம் கேள்வி எழுப்பியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் எந்த முறையிலும் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்தது; மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாகவும் ஆக்கியது. அந்தச் சட்டத்தின் பின்னே நிற்கும் நினைவுகளில் ஏர்வாடிக்கு முதன்மையான இடம் உண்டு.

தீ விபத்துக்குப் பின் எழுந்த கோபத்தில் தர்கா வழிபாட்டையே மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய குரல்கள் கேட்டன. அக்குரல்கள் பாதி உண்மையையே கண்டன. குடும்பங்கள் அங்கே வந்ததற்குக் காரணம் நம்பிக்கை மட்டுமன்று. மாவட்டத்தில் வேறு எங்கும் மனநலச் சிகிச்சை எட்டும் தொலைவில் இல்லாமலிருந்ததும்தான். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் தொடங்கப்பட்ட முறையைப் பின்பற்றி, ஏர்வாடி தர்கா வளாகத்திலும் உளமருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு பின்னாளில் செய்தது. மருந்தும் வேண்டுதலும் என்று பொருள்படும் தவா–துவா என்ற பெயரால் அது அறியப்படுகிறது. வேண்டுதலை விடச் சொல்லாமல் மாத்திரையையும் தருகிற இவ்வழி, தர்காவின் பணியாளர்களைப் பகைவராகக் கருதாமல், நோயை முதலில் அடையாளம் காண்பவர்களாக மதிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட் 1984இல் ஆன்மிகத் தப்பித்தல் என்ற கருத்தை முன்வைத்தார்; ஆறாத காயத்தை எதிர்கொள்ள அஞ்சிப் பக்தியிலும் தியானத்திலும் ஒளிந்துகொள்வதை அது குறிக்கும். தனிமனிதரைப் போலவே ஒரு சமூகமும் அப்படி ஒளிந்துகொள்ளக்கூடும் என்பதற்கு 2001க்கு முந்தைய ஏர்வாடி சாட்சி. மருத்துவமும் சட்டமும் பாதுகாப்பும் பக்கத்தில் நிற்கும்போது அதே தர்கா ஆறுதலின் இடமாகவே இருக்க முடியும்.

வழிபாடு என்பது எது

எது மெய்யான வழிபாடு என்ற வினாவை இக்கரை இதற்கு முன்பே சந்தித்திருக்கிறது. 1897 ஜனவரி 26இல் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்க, ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் ஆற்றிய உரையில், ஏழையிடமும் நலிந்தவரிடமும் நோயுற்றவரிடமும் சிவனைக் காண்பவரே மெய்யான வழிபாடு செய்பவர் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அதனைக் கேட்ட மன்னர் அடுத்த நாள் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கினார். லிங்கத்தைத் தேடி நாடெங்கிலுமிருந்து மக்கள் வரும் கோயிலுக்குள்ளேயே நின்று இதைச் சொன்னதுதான் அவ்வுரையின் துணிவு.

அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தாயுமானவர் இம்மண்ணுக்கு வந்தார். திருச்சிராப்பள்ளி அரண்மனையில் பெரும்பொறுப்பு வகித்தவர், அரசியின் விருப்பத்துக்கு இணங்க மறுத்து அங்கிருந்து தப்பி ராமநாதபுரத்தில் புகலடைந்தார் என்றும், மனைவியை இழந்த பின் துறவு பூண்டார் என்றும் வாழ்க்கை வரலாற்று மரபு கூறுகிறது. புகலிடமும் இழப்பும் அவர் வாழ்விலும் உண்டு. சமயங்களுக்குள் பகை வேண்டாம், எல்லா உயிரும் இன்புற வேண்டும் என்று பாடிய அவர் சமாதி ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் இருக்கிறது.

கடலில் ஒரு சோதனை

துன்பப்பட்டவர் தம்மைப் போலவே துன்பப்பட்ட இன்னொருவருக்குத் தீங்கு செய்யும் நிலை வந்தால் கருணை என்னவாகும் என்பதே இக்கரையின் இன்றைய கடினமான வினா. போர்க்காலம் முழுதும் இலங்கையின் வடக்கு மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடைகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் ராமேஸ்வரத்தின் விசைப்படகுகள் பாக் நீரிணையில் பெருகின. 2009இல் போர் முடிந்து, வீட்டையும் உறவையும் இழந்த மீனவர்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடன் வாங்கி வலை வாங்கிக் கடலுக்குத் திரும்பியபோது, கடலடியை வாரிச் செல்லும் அந்த விசைப்படகுகளின் இழுவை மடிகள் அவர்கள் வலைகளை அறுத்துச் சென்றன. இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. மறுபக்கம், அந்நாட்டுக் கடற்படையின் கைதுகளாலும் படகுப் பறிமுதலாலும் ராமேஸ்வரத்துக் குடும்பங்கள் கடனில் மூழ்குகின்றன. துப்பாக்கிச் சூட்டில் இறந்த மீனவர்களின் வீடுகள் இங்கே ஊர்தோறும் உள்ளன. இரு கரையிலும் காயம் உண்டு, இரு கரையிலும் பேசப்படுவது ஒரே தமிழ். ராமேஸ்வரம் தீவின் நாட்டுப்படகு மீனவர்களும் இழுவை மடியால் தம் கடல் வறள்வதாக நெடுநாளாக முறையிட்டு வருகிறார்கள் என்பதால், இதனை இரு நாட்டுச் சண்டையாக மட்டும் பார்க்க முடியாது.

பாக் நீரிணையிலுள்ள கச்சத்தீவின் அந்தோணியார் ஆலயத் திருவிழாவில் இரு கரை மக்களும் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். அத்தீவு குறித்து இரு நாடுகளும் 1974இல் செய்த ஒப்பந்தம் இந்திய யாத்திரிகர்களுக்கு அந்த உரிமையை விட்டுவைத்தது. காணாமற்போன பொருளையும் ஆளையும் மீட்டுத் தருபவராக நம்பப்படும் அந்தப் புனிதரின் முன் இரு தரப்பாரும் சேர்ந்து மண்டியிடுகிறார்கள். ஆனால் திருவிழா முடிந்த அடுத்த நாள் இழுவை மடி மீண்டும் கடலில் இறங்குமானால், அந்தச் செபம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இழுவைப் படகுகளில் 2,000ஐ ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017இல் ராமேஸ்வரத்திலேயே தொடங்கிவைக்கப்பட்டது. அந்த இலக்கில் சிறு பகுதியே இதுவரை நிறைவேறியிருக்கிறது. படகின் விலையும், கடனின் சுமையும், பழகாத தொழிலின் அச்சமும் மீனவரைத் தயங்க வைக்கின்றன. அந்தக் கடனை எளிதாக்குவதும், மாறும் காலத்தில் குடும்பங்களைத் தாங்குவதும், இரு கரை மீனவர் பேச்சுவார்த்தையை இடைவிடாமல் நடத்துவதும் அரசுகளின் கையில் உள்ளவை. மன்னாரில் வலையறுந்து நிற்பவர்களில் சிலர், ஒரு காலத்தில் மண்டபம் முகாமில் இருந்து ஊர் திரும்பியவர்கள் என்பதை இக்கரையின் படகு உரிமையாளர் சங்கங்கள் தம் கூட்டங்களில் எடுத்துப் பேச வேண்டும்.